அதலபாதாளத்தில் ஒரு அட்வான்ஸ்!

"அய்யய்யோ... யாராச்சும் ஓடி வாங்களேன்!"

கொடைக்கானல். காலைப் பனி. ஏரியைத் தாண்டி மேலே ஏறும் ரோட்டில், பள்ளத்தை ஒட்டிய கடைசி வளைவு. அலறியவள், அவித்த சோளம் விற்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்.

அவள் கை நீட்டிய இடத்தில்...

ஒரு ஸ்கூட்டர்! தடுப்புச் சுவரில் சாய்ந்து கிடந்தது. சுவரின் மேல் மடித்து வைத்த சால்வை. சால்வையின் மேல் ஒரு மூக்குக் கண்ணாடி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றைச் செருப்பு.

அதற்கும் அந்தப் பக்கம்... ஒன்றுமே இல்லை. வெறும் பனி. பனிக்குக் கீழே அதலபாதாளம்.

சப்-இன்ஸ்பெக்டர் பாண்டிச்செல்வி ஜீப்பிலிருந்து குதித்தபோது அங்கே திருவிழாக் கூட்டம் சேர்ந்திருந்தது. சோளம் வேறு நன்றாக விற்றுக்கொண்டிருந்தது.

"வேலப்பன்! ஸ்கூட்டர் யாருது?"

ஏட்டு வேலப்பன் ஓடி வந்தார். "நம்ம உபகாரம் சாரோடதுங்க மேடம். உபகாரம் காம்பவுண்டு ஓனரு. ஏழு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்காரு. பேருதான் உபகாரம்... எச்சிக் கையால காக்கா ஓட்ட மாட்டாரு."

"பாடி?"

"பாடியப் பாக்கணும்னா பனி விலகணும் மேடம். பனி விலகணும்னா ஆண்டவன் மனசு வைக்கணும்."

"தானா விழுந்தாரா... தள்ளி விட்டாங்களா?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் சீறியது.

"தள்ளித்தாங்க விட்டிருப்பாங்க! நேத்து சாயங்காலம் பஜார்ல வச்சு ஒருத்தன் கத்துனானே... 'எங்க அட்வான்ஸத் தரலைன்னா உம்மப் பள்ளத்துல தள்ளிருவேன்'னு! ஊரே கேட்டுச்சு!"

"யாரு அவன்?"

"ஜீப் ஓட்டுற சிவமுருகன்!"

2

அதே நேரம்... சிவமுருகனின் செல்போன் அடித்தது.

"சிவமுருகா, நாயுடுபுரத்துலருந்து பேசுறேன். வீடு வேணுமா வேணாமா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் ஒரு லட்சம் வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

"வந்துரும்ணே! பழைய ஓனரு இன்னிக்குத் தர்றேன்னு..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

உபகாரம் காம்பவுண்டு வாசலில் அவனுடைய ஜீப் நின்றுகொண்டிருந்தது. டூரிஸ்டுகள் உட்காரும் இடத்தில் கட்டில், கேஸ் சிலிண்டர், கிரைண்டர், மெத்தை. முன் சீட்டில் மனைவி ஜெயப்பிரியா, மடியில் டிவியுடன்.

"என்னங்க... அந்த வீடும் போயிருச்சுன்னா எங்க போறது? சீசன் நேரத்துல எவன் வீடு குடுப்பான்?"

"அந்த மனுசன் வரட்டும். இன்னிக்கு வாங்காம நகர மாட்டேன்."

அந்த மனுசன் வரவில்லை. போலீஸ் ஜீப்தான் வந்தது.

"நீதான சிவமுருகன்? ஏறு வண்டியில. உபகாரம் பள்ளத்துல விழுந்துட்டாரு."

சிவமுருகனின் முகம் வெளுத்தது. தலையில் கை வைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"செத்துட்டாரா? அய்யோ... என் அட்வான்ஸ்!"

வேலப்பனுக்குக் கோபம் வந்தது. "ஏலே! ஒரு மனுசன் செத்துக் கெடக்கான். உனக்கு அட்வான்ஸு!"

"ஏட்டய்யா, நீங்க குவார்ட்டர்ஸ்ல இருக்கீங்க. வாடகை வீட்டுல இருந்தாத்தான் இந்த வலி தெரியும்!"

3

ஸ்டேஷனில் சிவமுருகன் கொட்டித் தீர்த்தான்.

"நா தள்ளலீங்க மேடம். வாய்தான் நீளம். கோவத்துல சொன்னேன். 'மகளுக்குக் கல்யாணம், வெரசா வீட்டக் காலி பண்ணுங்க'ன்னாரு. சரின்னு பண்ணுனேன். அப்புறந்தான் தெரியுது, ஏழு வீட்டுக்காரங்ககிட்டயும் அதையேதான் சொல்லியிருக்காரு!"

"சரி, மகளுக்குக் கல்யாணம்னா சொல்லத்தான செய்வாங்க?"

"அவருக்கு மகளே கெடையாதுங்க மேடம்!"

பாண்டிச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அட்வான்ஸ் கேட்டதுக்கு என்ன சொன்னாரு?"

"கழிக்க ஆரம்பிச்சாருங்க. வெள்ளையடிக்க ஒரு தொகை. சரி. பனியில செவத்துல ஓதம் புடிச்சதுக்கு ஒரு தொகை. பனிய நானா கூட்டிட்டு வந்தேன்? அதக்கூட விடுங்க... போன வருசம் காட்டெருமை வந்து கேட்ட முட்டுச்சில்ல? அதுக்கு ஒரு தொகை! எருமை எனக்குச் சொந்தக்காரனா மேடம்? எல்லாத்தையும் கழிச்சுட்டு, 'நீதான்டா எனக்குத் தரணும்'னுட்டாரு!"

வேலப்பன் காதோரம் குனிந்தார். "மேடம், இதக் கேட்டா எனக்கே தள்ளணும் போல இருக்கு. இவன்தான். எஃப்.ஐ.ஆர். போட்டுருவோம்."

"அவசரப்படாதீங்க. மத்த ஆறு வீட்டையும் விசாரிப்போம்."

விசாரித்தார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் அழுதார்கள். சாதாரண அழுகை இல்லை... நெஞ்சில் அடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, பெற்ற தகப்பனைப் பறிகொடுத்தவர்களைப் போல. ஸ்கூல் ஹாஸ்டலில் வார்டன் வேலை பார்க்கும் அம்மாளுக்கு மயக்கமே வந்துவிட்டது. சோடா வாங்கித் தெளிவித்தார்கள்.

அழாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்.

உபகாரத்தின் மனைவி சகாயராணி!

மறுநாள் வெள்ளனே பாண்டிச்செல்வி அவளுடைய வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் இயேசு படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வாசலில் கூடியிருந்த குடித்தனக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு எதிரிங்க யாராச்சும் உண்டாம்மா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா. வரவும் தெரியாது, செலவும் தெரியாது. 'நீ சும்மா இரு'ம்பாரு. முப்பது வருசமா சும்மாத்தான் இருக்கேன்."

வெளியே வந்த பாண்டிச்செல்வி கேட்டருகே நின்றாள். புத்தம் புதிதாக ஒரு போர்டு. பெயிண்ட் வாசனை கூடப் போகவில்லை. 'உபகாரம் ஹில் நெஸ்ட். டூரிஸ்டுகளுக்கு ரூம்கள் கிடைக்கும்.' கீழே ஒரு செல் நம்பர்.

"இது யாரு நம்பரும்மா?"

சகாயராணி எட்டிப் பார்த்தாள். "தெரியலயேம்மா. அவரு நம்பரு இது இல்ல. அந்தப் போனு அவரோடயே போயிருச்சே."

பாண்டிச்செல்வி அந்த நம்பரைப் படம் பிடித்துக்கொண்டாள்.

4

"அந்த அம்மாதான் மேடம்!" ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் வேலப்பன் கட்சி மாறினார். "புருசன் செத்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. நா நேத்தே நெனச்சேன்."

"நேத்து சிவமுருகன்னீங்க?"

"அது நேத்து."

பாண்டிச்செல்வி டீ கிளாஸை வைத்தாள்.

"வேலப்பன், ஒண்ணு யோசிங்க. கடன் வாங்குனவன், கடன் குடுத்தவனக் கொல்லலாம். தப்பிச்சுக்கலாம்ல? ஆனா குடுத்தவன் எவனாச்சும் வாங்குனவனக் கொல்லுவானா?"

"மாட்டான்..."

"மாட்டான்! கறக்குற மாட்ட எவன் வெட்டுவான்? இந்த ஏழு பேரும் உபகாரம் நூறு வருசம் இருக்கணும்னு பழனியில மொட்டை போட ரெடியா இருக்குற ஆளுங்க. அட்வான்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் அவர் மேல ஒரு தூசி விழ விட மாட்டாங்க!"

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிவமுருகன் கையெடுத்துக் கும்பிட்டான். "மேடம்... தெய்வம் மேடம் நீங்க. சத்தியமா அந்த நெனப்புலதான் இருந்தேன்."

"அப்ப அவரு செத்தா யாருக்கு லாபம் வேலப்பன்?"

வேலப்பன் விட்டத்தைப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார். பிறகு கண் விரிந்தது.

"மேடம்... அவருக்குத்தான்!"

"ஸ்பீக்கர்ல போடுறேன். யாரும் மூச்சு விடக் கூடாது."

பாண்டிச்செல்வி தன் சொந்த செல்போனில் அந்த போர்டு நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது.

ஒருமுறை... இருமுறை...

"ஹலோ! வெல்கம் டு கொடைக்கானல்!"

வேலப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கழுத்தில் கிடந்த தாயத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல்... பள்ளத்தில் விழுந்தவரின் குரல்!

சிவமுருகன் துள்ளி எழுந்தான். "என் ஓனரு! உசுரோட இருக்கா..."

வேலப்பன் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். பொத்திய கையின் மேலாகக் கண்ணீர் வழிந்தது. ஒரு குடித்தனக்காரன் வீட்டு ஓனருக்காக அப்படி ஆனந்தக் கண்ணீர் விட்டதை அந்த ஸ்டேஷன் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாண்டிச்செல்வி மெட்ராஸ்காரியாகிவிட்டாள். "ஹலோ சார், சென்னைல இருந்து வந்திருக்கோம். ஃபேமிலியா பன்னெண்டு பேர். மூணு நைட் தங்கணும். ரூம் இருக்கா?"

"இருக்கு மேடம்! ஒரு ரூம், ஒரு நைட்டு எட்டாயிரம். சுடுதண்ணி தனி. கேம்ப் ஃபயர் தனி."

"கம்மி பண்ண மாட்டீங்களா?"

"சீசன் மேடம்! இப்பக் கெடைக்கிறதே பெருசு. ஆனா கேஷாத்தான் வேணும்."

"கேஷாவே தரோம் சார். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் இப்பவே தரோம். ஆனா எங்க மாமனார் ஒரு மாதிரி. ஓனர் கைலதான் குடுப்பேங்கறார்."

மறுமுனை தடுமாறியது. "ஓனரு... வந்து... வெளியூர் போயிருக்காரு மேடம். நா மேனேஜர். அங்க வீட்டுல அம்மா இருப்பாங்க..."

"அப்ப வேணாம் சார். வேற இடம் பாத்துக்கறோம்."

"மேடம்! மேடம்! வெச்சிராதீங்க!"

உயிரோடு இருக்கும்போது அவரைத் தேடி ஏழு குடும்பங்கள் அலைந்தன. ஒருநாளும் கையில் சிக்கியதில்லை. இப்போது செத்த பிறகு... ஒரே வார்த்தையில் எழுந்து உட்கார்ந்தார்.

"நாந்தான் மேடம் ஓனரு! கொஞ்சம் ஒடம்பு சரியில்ல, அதான். பேத்துப்பாறை பஸ் ஸ்டாப்புக்கு வர முடியுமா? அட்வான்ஸ மட்டும் மறக்காமக் கொண்டாந்துருங்க!"

5

பேத்துப்பாறை. பஸ் ஸ்டாப். டீக்கடைப் புகையும் பனியும் கலந்து கிடந்தன.

பாண்டிச்செல்வி சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நின்றாள். கையில் ஒரு ஹேண்ட்பேக். ஜீப் மறைவில் வேலப்பனும் சிவமுருகனும்.

அவர் வந்தார்!

குரங்குக் குல்லா. மப்ளர். யாருடைய கோட்டோ, முழங்கால் வரை தொங்கியது. ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தார். பாவம்... கண்ணாடியைத் தடுப்புச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்த மனிதருக்கு எதிரே நிற்பது ஆளா மரமா என்றே தெரியவில்லை.

"சென்னை மேடங்களா?" என்று டீக்கடைத் தூணிடம் கேட்டார்.

"இங்க இருக்கேன் சார்." பாண்டிச்செல்வி அருகே போனாள். "அட்வான்ஸ் கொண்டாந்திருக்கேன். கைய நீட்டுங்க."

ஒரு கை கேட்டிருந்தால் போதும். அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

க்ளிக்!

"மேடம்... என்ன இது... ஜில்லுனு இருக்கு?"

"விலங்கு சார்."

உபகாரம் அலறினார். அந்த அலறலுக்கு மறைவிலிருந்து ஓடி வந்த சிவமுருகன், அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தான்.

"அண்ணே! நல்லா இருக்கீங்களாண்ணே? அடி கிடி படலயே? சாப்பிட்டீங்களா? ...என் அட்வான்ஸ் எங்கண்ணே?"

6

ஸ்டேஷனில் உபகாரம் ஒரு டீயைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வெட்கமே இல்லாமல் ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"புது ஆளுகிட்ட அட்வான்ஸ் வாங்கி, பழைய ஆளுக்குக் குடுக்குறதுதான மேடம் உலக வழக்கம்? நா மட்டுமா செய்றேன்? இந்த வருசம் எல்லாப் போர்ஷனையும் டூரிஸ்டுக்கு மாத்திரலாம்னு ஏழு பேரையும் காலி பண்ணச் சொன்னேன். அப்பந்தான் உறைச்சுச்சு. டூரிஸ்டு ரெண்டு நாளுக்கு வர்றவன். அவன் எங்க லட்ச ரூவா அட்வான்ஸ் குடுக்குறது? இவங்க ஏழு பேரும் ஒண்ணாச் சேந்து கேக்குறாங்க. பணமெல்லாம் டைல்ஸும் கீசருமா செவத்துல ஏறிருச்சு!"

"அதுக்கு?"

"சீசன் முடியிற வரைக்கும் செத்திருக்கலாம்னு..."

"முடிஞ்ச பெறகு?"

"தலையில அடிபட்டு ஞாபகம் தப்பிருச்சுன்னு சொல்லித் திரும்பி வரலாம்னு இருந்தேன்."

"ஞாபகம் தப்பிருச்சுன்னா?"

"எல்லாம் ஞாபகம் இருக்கும் மேடம். அட்வான்ஸ் வாங்குனது மட்டும் ஞாபகம் இருக்காது."

வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "செத்தவரு போன எடுக்கலாமாய்யா? பொண்டாட்டி கையில அந்தப் போனக் குடுத்துட்டுப் போயிருந்தா இந்தச் சோலியே இல்லையே!"

"அவகிட்டயா?" உபகாரம் பதறினார். "குழந்தை குட்டியோட வந்திருக்காங்கன்னு பாவம் பாத்து ஆயிரத்துக்கு விட்டுருவா! அதுக்கு நா நெசமாவே செத்துப் போகலாம்!"

சிவமுருகனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாயுடுபுரத்து வீட்டுக்குக் கொடுத்த கெடு முடியப்போகிறது.

"அண்ணே... கொலைகாரன்னு ஒரு நாப்பூரா உக்கார வச்சுட்டாங்க. அதக்கூட மன்னிச்சுர்றேன். எம் பொண்டாட்டி நேத்து ராத்திரி கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடுவுல ஜீப்புலயே கெடந்திருக்கா. அந்த ஒரு லட்சம் அவ கழுத்துல கெடந்த நகை. அதக் குடுங்கண்ணே."

உபகாரம் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது. "சத்தியமா இல்லப்பா. என்னைய ஜெயில்ல போட்டாலும் வராது. கீசரக் கழட்டித் தரவா?"

சிவமுருகனின் போன் அடித்தது. நாயுடுபுரம். எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான்...

"என்னங்க! என்னங்க!"

வாசலில் ஜெயப்பிரியா. மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை.

"குடுத்துட்டாங்கங்க! முழுசாக் குடுத்துட்டாங்க! ஓதத்துக்கும் கழிக்கல, எருமைக்கும் கழிக்கல!"

"யாரு குடுத்தா?"

"சகாயராணி அக்கா! ஏழு வீட்டுக்கும் குடுத்துட்டாங்க!"

உபகாரம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "எ... எந்தப் பணத்தக் குடுத்தா?"

ஜெயப்பிரியாவின் பின்னால், வெள்ளைச் சேலையில், ஸ்டேஷனில் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பும் பையோடு சகாயராணி உள்ளே வந்தாள். கணவனைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"நீங்க... உசுரோட இருக்கீங்களா?"

அப்போதுதான் அந்த அம்மாள் அழுதாள். இரண்டு நாளாக வராத அழுகை. சுவரைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். இந்த மனுஷனுக்காகவும் ஒரு ஜீவன் அழுகிறதே என்று பாண்டிச்செல்விக்கு ஆச்சரியமாக இருந்தது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் பேசிய குரல் வேறாக இருந்தது.

"எங்க சபையில ஒரு பழக்கம் உண்டு மேடம். துக்க ஜெபத்துக்கு முன்னால உபதேசியார் வாசல்ல நின்னு, 'போனவரு யாருக்காச்சும் குடுக்க வேண்டியது இருக்கா?'ன்னு கேப்பாரு. இல்லைன்னாத்தான் ஜெபம். நேத்து சாயங்காலம் கேட்டாரு. ஆறு பேரு கையத் தூக்குனாங்க. இந்தப் பிள்ளை ஜெயப்பிரியா ரெண்டு கையையும் தூக்குச்சு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. கடனோட அவர ஆண்டவர்கிட்ட அனுப்ப எனக்கு மனசில்ல."

"சரி சரி... பணம் எங்கருந்து வந்துச்சு?" உபகாரத்தின் குரல் கீச்சிட்டது.

"வீடு எம் பேர்லதான இருக்கு? எவனும் உங்க மேல கேஸ் போட்டு எடுத்துரக் கூடாதுன்னு நீங்கதான் எழுதி வச்சீங்க. மதுரைக்கார ஓட்டல் பார்ட்டி ஒண்ணு ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருந்துச்சு. மத்தியானம் வரச் சொல்லி, மொத்தக் காம்பவுண்டையும் மூணு வருசக் குத்தகைக்கு விட்டுட்டேன். மாச வாடகை கெடையாது. முழுப் பணமும் முன்னாடியே வாங்கிட்டேன். புது ஆளுகிட்ட வாங்கிப் பழைய ஆளுக்குக் குடுக்குறது... உங்க தொழில்தான?"

"மொத்தக் காம்பவுண்டா? நாம இருக்குற வீடு?"

"அதையுந்தான். சாவியக் குடுத்துட்டேன். எங்க அக்கா வீட்டுக்கு வத்தலக்குண்டு போறேன். நீங்க அங்க வர முடியாது. அக்கா வீட்டுக்காரர்கிட்டயும் நீங்க வாங்கித் தின்னிருக்கீங்க. மூணு வருசம் கழிச்சு வாங்க. வீடும் திரும்பியிருக்கும்... எனக்குக் கோவமும் கொறைஞ்சிருக்கும்."

சகாயராணி பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாண்டிச்செல்வி போலீஸை ஏமாற்றியதற்கு ஒரு கேஸ் எழுதி, கையெழுத்து வாங்கி, கண்ணாடியையும் சால்வையையும் உபகாரத்திடம் கொடுத்தாள்.

"போயிட்டு, கோர்ட்டுக்குக் கூப்பிடும்போது வாங்க."

"எங்க மேடம் போவேன்?"

"அது எங்க ஸ்டேஷன் எல்லைக்குள்ள வராது சார்."

வெளியே சிவமுருகன் நாயுடுபுரத்துக்குப் போன் போட்டுப் பேசி, காம்பவுண்டு வாசலிலிருந்து தன் ஜீப்பையும் கொண்டுவந்திருந்தான். ஜெயப்பிரியா மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். ஜீப் கிளம்பும் நேரம், ஜன்னலருகே ஒரு குரங்குக் குல்லா எட்டிப் பார்த்தது.

"தம்பி சிவமுருகா... நீ நாலு எடம் சுத்துற ஆளு. எங்கயாச்சும் ஒரு சின்ன வீடு இருந்தா சொல்லேன்ப்பா. குளிரு தாங்கல."

"இருக்குண்ணே. ஒரே ரூம்தான். அட்வான்ஸ் ஒரு லட்சம் கேக்காங்க."

"ஒரு லட்சமா!" உபகாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "காலி பண்ணும்போது... ஒழுங்காத் திருப்பித் தருவாங்களா?"

சிவமுருகன் கியரைப் போட்டான்.

"கண்டிப்பாத் தருவாங்கண்ணே... ஓனரு செத்த மறுநாளே!"